மாற்றிவைத்த டெஸ்க்டாப் மக்கர் செய்தால்: கோளாறு வாரியாகச் சரிசெய்யும் வழி

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் கணினி பழுது பார்க்கிறேன். என்னிடம் வருகிற மெஷின்களில் பல, பாகம் எதுவும் கெட்டு வருவதில்லை. செட்டிங்ஸில் கிடைக்காத ஒன்றுக்கு ஆசைப்பட்டு, விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரிக்குள் யாரோ போய் எதையோ மாற்றியிருப்பார்கள். அந்த ஆசையில் தப்பே இல்லை. நாள் முழுக்கப் பார்க்கிற திரை, நம் இஷ்டப்படி இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் என்ன மாற்றினோம் என்று குறித்து வைப்பதில்லை. ஆறு மாதம் கழித்துக் கோளாறு தலைகாட்டும்போது மாற்றியவருக்கே நினைவிருக்காது. "ஃபார்மேட் போட்டுடுங்கண்ணா" என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் அதற்கு அவசியமே இருக்காது. அறிகுறியைச் சரியாகப் பார்த்தால், மாற்றிய இடம் எது என்று கண்டுபிடித்துவிடலாம்.

கீழே வரும் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும். நான் இடையில் கோடு போட்டு எழுதும் பெயர்கள் அங்கே இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும். விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

விண்டோஸ் சாவியோடு ஆர் எழுத்தை அழுத்தி, ரெக்எடிட் என்று தட்டினால் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் திறக்கும். இடது பக்கம் ஐந்து பெரிய பிரிவுகள் தெரியும். நமக்கு வேண்டியவை இரண்டு. 'கரன்ட் யூசர்' என்பது இப்போது உள்ளே இருக்கிற ஆளுடைய அமைப்பு. 'லோக்கல் மெஷின்' என்பது அந்தக் கணினியைத் தொடுகிற எல்லாருக்கும் பொதுவானது.

ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் நான் முதலில் செய்வது ஒன்றுதான். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய்ப் புதிதாக ஒரு கணக்கு திறந்து, அதில் நுழைந்து பார்ப்பேன். புதுக் கணக்கில் எல்லாம் ஒழுங்காக இருந்தால் கோளாறு பழைய கணக்கின் 'கரன்ட் யூசர்' பக்கம். புதுக் கணக்கிலும் அதே தொல்லை என்றால் 'லோக்கல் மெஷின்' பக்கம். தேட வேண்டிய இடம் இந்த ஐந்து நிமிட வேலையில் பாதியாகக் குறைந்துவிடும். தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்தது பிரதி. மாற்றப்போகிற கீயின் (இடது பக்கம் ஃபோல்டர் போலத் தெரியும் உட்பிரிவு) மேல் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து, தேதியோடு பெயர் வைத்துப் பென் டிரைவில் போடுங்கள். பழைய விண்டோஸ், ரெஜிஸ்ட்ரியைத் தானாகவே 'ரெக்பேக்' என்ற ஃபோல்டரில் பிரதி எடுத்து வைத்தது. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அது நின்றுவிட்டது. ஃபோல்டர் இருக்கும், உள்ளே உபயோகமாக ஒன்றும் இருக்காது. பழைய நிலைக்குத் திருப்புகிற சிஸ்டம் ரெஸ்டோரும் பல மெஷின்களில் அணைந்தே கிடக்கிறது. அதனால் பிரதி நம் பொறுப்பு.

ஒரு விஷயம் கவனம்: எக்ஸ்போர்ட் செய்த ஃபைலைத் திரும்ப ஏற்றினால் பழைய மதிப்புகள் வந்து உட்காரும். ஆனால் இடையில் நீங்கள் புதிதாகச் சேர்த்தது தானாக அழியாது. அதைக் கையால்தான் நீக்க வேண்டும். "பேக்கப் போட்டும் சரியாகலையே" என்று வருகிறவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.

டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான்கூட இல்லை

வெறும் இடத்தில் வலது கிளிக் செய்து பாருங்கள். மெனு வருகிறதா இல்லையா என்பதில்தான் விடை இருக்கிறது.

மெனு வந்தால், வியூ என்பதில் 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்' டிக் போயிருக்கும். போட்டால் முடிந்தது. வீட்டில் குழந்தைகள் மவுஸைத் தட்டினாலே இது நடக்கும்.

மெனுவே வரவில்லை, ஆனால் டாஸ்க்பார் ஒழுங்காக இருக்கிறது என்றால், அது பாலிசி, அதாவது நிர்வாகி போடுகிற வகைத் தடை. கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்-வெர்ஷன், பாலிசீஸ், எக்ஸ்ப்ளோரர் என்று வரிசையாக உள்ளே போங்கள். வலது பக்கத்தில் 'நோ-டெஸ்க்டாப்' என்று ஒன்று, மதிப்பு 1 ஆக இருக்கும். நீக்கிவிட்டு சைன் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். அதே இடத்தில் 'நோ-வியூ-கான்டெக்ஸ்ட்-மெனு' இருந்தால் அதையும் பாருங்கள். வலது கிளிக்கை மட்டும் அடைப்பது அது.

டாஸ்க்பாரும் இல்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள். ஐகான்களோடு வால்பேப்பர், பிரவுசர் புக்மார்க் எல்லாமே புதுக் கணினி போல மாறியிருந்தால், கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள். அது அவசரம்.

கறுப்புத் திரை, மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வந்தால் உள்ளே விண்டோஸ் உயிரோடுதான் இருக்கிறது. டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் வரைந்து காட்டுகிற எக்ஸ்ப்ளோரர் மட்டும் ஓடவில்லை. புது டாஸ்க் ஓட்டும் இடத்தில் எக்ஸ்ப்ளோரர் என்று தட்டினால் உடனே எல்லாம் வந்துவிடும். மறுபடி ஆன் செய்யும்போது மறுபடி கறுப்பு என்றால், தொடக்கத்தில் எதை ஓட்ட வேண்டும் என்ற குறிப்பை யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

வியாசர்பாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் மெஷினில் இதைப் பார்த்தேன். நேரக் கணக்கு வைக்கிற ஒரு மென்பொருளைப் போட்டிருந்தார்கள். ஆன் செய்ததும் டெஸ்க்டாப்புக்குப் பதிலாக அதுவே முழுத்திரையில் வரும்படி மாற்றப்பட்டிருந்தது. அப்புறம் அது வேண்டாம் என்று அந்த ஃபோல்டரையே டெலீட் செய்துவிட்டார்கள். குறிப்பு அப்படியே இருந்தது, குறிப்பில் சொன்ன ஃபைல் இல்லை. கறுப்புத் திரைதான் மிச்சம்.

லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட்-வெர்ஷன், வின்லாகான். இதில் 'ஷெல்' என்ற வரியில் எக்ஸ்ப்ளோரர், புள்ளி, இ எக்ஸ் இ என்று மட்டும் இருக்க வேண்டும். வேறு பாதை இருந்தாலும், கூடவே கமா போட்டு ஏதாவது தொங்கினாலும் சந்தேகப்படுங்கள். வைரஸும் உட்காருகிற இடம் இது. புதுக் கணக்கில் திரை ஒழுங்காக வருகிறது என்றால், கரன்ட் யூசருக்குள் இதே பாதையில் இன்னொரு 'ஷெல்' வரி இருக்கும். அங்கே சாதாரணமாக அப்படி ஒரு வரியே இருக்காது. பயமில்லாமல் நீக்கலாம்.

மெனு, பட்டன் எழுத்தெல்லாம் படிக்க முடியாதபடி மாறிவிட்டது

நம் பக்கத்தில் டி.டி.பி. கடைகள் (கணினியில் அச்சுக்கு வடிவமைக்கிற கடைகள்) அதிகம் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையிலிருந்து அக்கா ஒருவர் போன் செய்தார்.

"தம்பி, மெஷின்ல எல்லா எழுத்தும் தமிழா மாறிடுச்சுப்பா. ஆனா ஒரு வார்த்தையும் படிக்க முடியல."

"கடைசியா யாருக்கா தொட்டாங்க?"

"நம்ம பையன்தான். மெனுவெல்லாம் தமிழ்ல வரும்னு ஏதோ பண்ணான்."

போய்ப் பார்த்தேன். ஒரு ஃபைலை டெலீட் செய்தால் கேட்கிற கேள்விப் பெட்டியில், 'யெஸ்' பட்டன் மேல் 'லுநள' என்று எழுதியிருந்தது. 'நோ' பட்டனில் ஒரு ஏகாரக் கொம்பும் ழவும். பார்த்ததும் புரிந்துவிட்டது. அது பாமினி.

பாமினி யூனிகோடு ஃபாண்ட் கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இருப்பிடத்திலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கும் ஃபாண்ட் அது. சின்ன ஜே இருக்கும் இடத்தில் த, சின்ன கே இடத்தில் ம, பெரிய ஒய் இடத்தில் லு. கணினியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஆங்கில எழுத்துதான். கண்ணுக்கு மட்டும் தமிழாகத் தெரியும். பத்திரிகை வேலைக்குப் பல வருஷமாக அது சோறு போட்டிருக்கிறது. ஆனால் விண்டோஸ் தன் மெனுவுக்கெல்லாம் பயன்படுத்துகிற செகோ யூஐ ஃபாண்டின் இடத்தில் பாமினியை வைத்தால், மெனு மொழிபெயராது. ஆங்கில எழுத்தே பாமினி வடிவத்தில் வந்து நிற்கும். ஒய், இ, எஸ் மூன்றும் லு, ந, ள ஆனது அப்படித்தான்.

சரிசெய்யும்போது பதற்றப்பட வேண்டாம். திரையில் என்ன தெரிந்தாலும், கீபோர்டில் தட்டுகிற எழுத்து சரியாகவே உள்ளே போகும். ரெக்எடிட் தட்டுங்கள். அனுமதி கேட்கும் பெட்டியில் எந்தப் பட்டன் எது என்று தெரியாவிட்டால் ஆல்ட்டோடு ஒய் அழுத்துங்கள், அதுதான் 'யெஸ்'. பிறகு லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட்-வெர்ஷன் வரை போனால் அங்கே இரண்டு இடம் பார்க்க வேண்டும்.

முதல் இடம் ஃபாண்ட்-சப்ஸ்டிட்யூட்ஸ். அதில் செகோ யூஐ என்ற பெயரில் ஒரு வரி, மதிப்பாகப் பாமினி என்று இருக்கும். அந்த ஒரு வரியை மட்டும் நீக்குங்கள். பக்கத்தில் இருக்கும் மற்ற வரிகள் விண்டோஸுடையவை, கை வைக்காதீர்கள்.

இரண்டாவது இடம் ஃபாண்ட்ஸ். வீடியோவில் சொல்லிக்கொடுப்பவர்கள், செகோ யூஐயின் வரிகளுக்கு எதிரே இருக்கும் ஃபைல் பெயர்களை அழித்து வெறுமையாக்கச் சொல்வார்கள். அவற்றை நிரப்பாமல் முதல் இடத்தை மட்டும் சரிசெய்தால் கோளாறு தீராது. பிரதி இருந்தால் ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் அதே விண்டோஸ் பதிப்பு ஓடுகிற வேறொரு கணினியில் இதே இடத்தைத் திறந்து, போனில் படம் எடுத்து, சாதாரணம், போல்டு, இட்டாலிக் என ஒவ்வொரு வரியாகப் பார்த்து நிரப்புங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்ததும் எழுத்து திரும்பும். அந்தக் கடையில் பக்கத்து மெஷினைப் பார்த்தே நிரப்பினோம்.

அந்தப் பையனின் ஆசைக்கும் நேரான வழி உண்டு. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்து, காட்சி மொழியாக வைத்தால் மெனுக்கள் உண்மையாகவே தமிழில் வரும். அதற்கான யூனிகோடு ஃபாண்டான நிர்மலா யூஐ, விண்டோஸ் 8 காலத்திலிருந்தே கூடவே வருகிறது. அக்காவின் மெஷினில் அன்றைக்கே அதைப் போட்டுக் கொடுத்தேன். பாமினி பத்திரிகை வேலைக்கு மட்டும் தன் இடத்தில் இருக்கிறது.

'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று வருகிறது, வால்பேப்பர் மாற்ற முடியவில்லை

"நிறுவனம் ஏதுண்ணா, இது என் வீட்டு கம்ப்யூட்டர்" என்பார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கினீர்களா என்று கேட்பேன். ஆமாம் என்பார்கள். முன்பு அலுவலகத்திலோ பயிற்சி நிலையத்திலோ இருந்த மெஷினைத் துடைக்காமல் விற்றிருப்பார்கள். அங்கே போட்ட பூட்டு இன்னும் தொங்குகிறது.

கரன்ட் யூசரில் மேலே சொன்ன பாலிசீஸ் வரை வந்து, ஆக்டிவ்-டெஸ்க்டாப் என்ற கீயில் 'நோ-சேஞ்சிங்-வால்பேப்பர்' இருந்தால் நீக்குங்கள். பக்கத்தில் சிஸ்டம் என்ற கீயில் 'வால்பேப்பர்' என்று ஒரு வரி இருந்தால் அதையும் நீக்குங்கள். நீக்கியது திரும்பத் திரும்ப முளைத்தால், குரூப் பாலிசியில் அது எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ப்ரோ பதிப்பில் ஜிபிஎடிட், புள்ளி, எம் எஸ் சி என்று தட்டி, யூசர் கான்ஃபிகரேஷனில் அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ், கண்ட்ரோல் பேனல், பர்சனலைசேஷன் போய், டெஸ்க்டாப் பின்னணியை மாற்றுவதைத் தடுக்கிற வரியை 'நாட் கான்ஃபிகர்டு' என்று வையுங்கள். ஹோம் பதிப்பில் இந்தக் கருவி கிடையாது. உண்மையைச் சொன்னால், துடைக்காத செகண்ட் ஹேண்ட் மெஷினுக்கு மட்டும் நானே ஃபார்மேட்டைச் சொல்வேன். இன்னும் என்னென்ன உள்ளே விட்டுவைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.

இப்போதும் வேலை பார்க்கிற அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் இதில் எதையும் செய்யாதீர்கள். அந்தப் பூட்டு அவர்களுடையது.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரே திறக்கவில்லை, அட்மினிஸ்ட்ரேட்டர் தடுத்திருப்பதாகச் சொல்கிறது

'டிஸ்ஏபிள்-ரெஜிஸ்ட்ரி-டூல்ஸ்' என்ற மதிப்பின் வேலை. ப்ரோ பதிப்பில் மேலே சொன்ன பாலிசிக் கருவியில், யூசர் பக்கத்து அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸில் சிஸ்டம் என்பதில் இதற்கான வரி இருக்கிறது. ஒருமுறை எனேபிள் செய்து அப்ளை கொடுத்து, பிறகு டிஸ்ஏபிள் செய்யுங்கள்.

ஹோம் பதிப்பில், அட்மின் உரிமை உள்ள வேறொரு கணக்கில் நுழைந்து செய்யலாம். பூட்டுப்பட்ட கணக்கு முழுதாக சைன் அவுட் ஆகியிருக்க வேண்டும். ரெக்எடிட்டில் 'யூசர்ஸ்' பிரிவை ஒரு கிளிக்கில் தேர்ந்து, ஃபைல் மெனுவில் லோடு ஹைவ் கொடுங்கள். அந்தக் கணக்கின் ஃபோல்டரில் மறைந்திருக்கும் என்டி-யூசர், புள்ளி, டேட் என்ற ஃபைலைக் காட்டி, ஏதாவது ஒரு பெயர் வையுங்கள். அந்த ஆளுடைய ரெஜிஸ்ட்ரி முழுக்க உங்கள் முன்னால் விரியும். பாலிசீஸ், சிஸ்டம் போய் வரியை நீக்கிவிட்டு, மறக்காமல் அன்லோடு ஹைவ் கொடுங்கள். மறந்தால் அந்த ஃபைல் பிடிபட்டே இருக்கும், அவரால் உள்ளே வர முடியாமல் போகும்.

மாற்றினேன், ஒன்றுமே நடக்கவில்லை

மூன்று காரணம் பார்த்திருக்கிறேன்.

கரன்ட் யூசரில் கண்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் என்ற கீயில் இருப்பவை உள்ளே நுழையும்போதுதான் படிக்கப்படும். அதனால் சைன் அவுட் செய்யாமல் பலன் தெரியாது. மெனு திறக்கும் தாமதமான 'மெனு-ஷோ-டிலே' அங்கேதான் இருக்கிறது. வழக்கமான அளவு 400, அதாவது 0.4 விநாடி. 100 அல்லது 150 வைத்தால் போதும். சுழியம் வைத்தால் மவுஸ் போகிற வழியெல்லாம் மெனு விரிந்து எரிச்சலூட்டும்.

அடுத்தது ஹெக்ஸ், அதாவது பத்துக்குப் பதிலாகப் பதினாறை வைத்து எண்ணும் முறை. தண்டையார்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன், தான் எடுத்த படம் வால்பேப்பராக வைத்தால் மங்குகிறது என்று வருத்தப்பட்டார். அவர் கண் பொய் சொல்லவில்லை. ஜேபெக் படத்தை வால்பேப்பராக வைக்கும்போது, விண்டோஸ் அதைத் தரம் 85-க்கு மறுபடி சுருக்கித்தான் வைக்கிறது. அதே டெஸ்க்டாப் கீயில் 'ஜேபெக்-இம்போர்ட்-குவாலிட்டி' என்று ஒரு டி-வேர்டு (எண்ணை வைக்கிற வரி) உருவாக்கி 100 கொடுத்தால் சுருக்காது. அவரும் கொடுத்திருந்தார். ஆனால் அந்தச் சின்னப் பெட்டியில் ஹெக்ஸாடெசிமல் என்பதே முன்கூட்டித் தேர்வாகி இருக்கும். ஹெக்ஸில் 100 என்றால் 256. ஏற்கப்படும் எல்லை 60 முதல் 100 வரைதான். டெசிமல் புள்ளியை முதலில் தட்டி, பிறகு 100 கொடுத்து, சைன் அவுட் செய்து, வால்பேப்பரை மறுபடி வைத்தோம். பட்டுப்புடவையின் சரிகை இழை இழையாகத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மூன்றாவது மைனஸ் குறி. ஐகான் இடைவெளி, அதே டெஸ்க்டாப் கீக்குள் இருக்கும் 'விண்டோ-மெட்ரிக்ஸ்' கீயில் 'ஐகான்-ஸ்பேசிங்' என்றும், மேல்கீழ் இடைவெளி 'ஐகான்-வெர்ட்டிகல்-ஸ்பேசிங்' என்றும் இருக்கும். வழக்கமான மதிப்பு -1125. இது பிக்சலை -15-ஆல் பெருக்கிய கணக்கு, 75 பிக்சல். 60 பிக்சல் வேண்டுமென்றால் -900. மைனஸை விடக்கூடாது.

அப்டேட் வந்ததும் என் மாற்றம் போய்விட்டது

இதற்கு வைத்தியம் இல்லாத நேரமும் உண்டு. விண்டோஸ் 11-இன் முதல் வெளியீட்டில் ரெஜிஸ்ட்ரி வழியாக டாஸ்க்பாரை மேலே கொண்டுபோக முடிந்தது. 2022 செப்டம்பரில் வந்த 22எச்2 அப்டேட்டோடு அது நின்றது. மதிப்பு அங்கேயே இருக்கும், அதைப் படிக்கிற நிரல்தான் மாறிவிட்டது. மணிக்கணக்காக அதனோடு போராடாதீர்கள்.

சில ஆசைகள் அப்டேட்டிலேயே நிறைவேறியும் இருக்கின்றன. விண்டோஸ் 10-இல் கடிகாரத்தில் விநாடி வர, கரன்ட் யூசரில் மேலே சொன்னபடி கரன்ட்-வெர்ஷன் வரை போய், அங்கிருந்து எக்ஸ்ப்ளோரர், அட்வான்ஸ்டு கீயில் 'ஷோ-செகண்ட்ஸ்-இன்-சிஸ்டம்-கிளாக்' என்று டி-வேர்டு உருவாக்கி 1 வைக்க வேண்டும். இப்போதைய விண்டோஸ் 11-இல் டாஸ்க்பார் செட்டிங்ஸிலேயே அந்த டிக் இருக்கிறது. பழைய நீளமான வலது கிளிக் மெனுவுக்கும் ரெஜிஸ்ட்ரி தேவையில்லை. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு வலது கிளிக் செய்யுங்கள்.

எல்லாமே காணோம், புதுக் கணினி மாதிரி இருக்கிறது

கரன்ட் போய் மெஷின் பட்டென்று அணைந்த மறுநாள் இப்படி வந்து நிற்கிறார்கள். டெம்பரரி ப்ரொஃபைலில் நுழைந்திருப்பதாக ஓரத்தில் ஒரு அறிவிப்பு வந்து மறைந்திருக்கும். உங்கள் ஃபைல்கள் போகவில்லை. கணக்கைத் திறக்க முடியாமல் விண்டோஸ் தற்காலிகமாக ஒன்றைக் கொடுத்திருக்கிறது.

இந்த நிலையில் எதையும் சேமிக்காதீர்கள். சைன் அவுட் செய்ததும் இங்கே வைத்ததெல்லாம் அழிந்துவிடும். காசிமேட்டில் மீன் மொத்த வியாபாரம் செய்கிறவர் ஒருவர், இது தெரியாமல் ஒரு நாள் கணக்கு முழுவதையும் அந்தத் தற்காலிக டெஸ்க்டாப்பில் போட்டுவிட்டு, சாயங்காலம் அணைத்துவிட்டார். அதை மீட்டுத் தர என்னால் முடியவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சில நேரம் அதிலேயே திரும்பிவிடும். இல்லையென்றால், அட்மின் உரிமை உள்ள வேறொரு கணக்கிலிருந்து ரெக்எடிட் திறந்து, லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட்-வெர்ஷன், ப்ரொஃபைல்-லிஸ்ட் வரை போங்கள். எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான பெயர்களில் ஒன்று இரண்டு தடவை இருக்கும். ஒன்றின் வாலில் புள்ளி, பி ஏ கே என்று ஒட்டியிருக்கும். இரண்டிலும் 'ப்ரொஃபைல்-இமேஜ்-பாத்' வரியைப் படியுங்கள். வால் உள்ளதில் உங்கள் உண்மையான ஃபோல்டர் இருக்கும், வால் இல்லாததில் டெம்ப் என்று இருக்கும்.

இந்தக் கீயை முதலில் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். வால் இல்லாததன் பெயர் முடிவில் புள்ளி, ஓ எல் டி என்று சேர்த்து ஒதுக்கிவிட்டு, மற்றதன் வாலை வெட்டுங்கள். வால் வெட்டியதற்குள் 'ஸ்டேட்' மதிப்பை 0 ஆக்குங்கள். 'ரெஃப்-கவுண்ட்' இருந்தால் அதையும் 0 ஆக்குங்கள். ரீஸ்டார்ட் செய்து பழைய கணக்கில் நுழைந்தால் ஐகான்கள் வைத்த இடத்தில் இருக்கும். உள்ளே வந்ததும் வேறு எந்த வேலைக்கும் முன்னால், முக்கியமான ஃபோல்டரை வெளி டிரைவில் பிரதி எடுத்துவிட்டு, ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி மாட்டுங்கள்.